கை மட்டும் தெரிந்த மீன்குழம்புப் படம்

போன செவ்வாய்க்கிழமை திருச்சியிலிருந்து பாடாலூர் போனேன். அங்கேயே சாப்பிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் ஆண்டிமடம் வரை போக வேண்டியதாயிற்று, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க. அதையும் கேட்காமலே திரும்பி வந்தேன். என் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்கள் இந்நேரம் படங்களைத் தேடுவீர்கள். இந்த முறை ஒன்றும் இல்லை.

நான்கு மாதம் முன்னால் பாடாலூரில் ஒரு சின்ன மெஸ்ஸில் சாப்பிட்டேன். நான்கு பெஞ்சு, மதியம் மட்டும் சாப்பாடு, அன்றைக்குக் கெண்டை மீன் குழம்பு. பரிமாறிய அக்காவுக்குச் செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வெறும் இலையைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்க்கிறார்கள்? குழம்பு விழுகிற மாதிரி இருந்தால்தான் லைக் விழும். கரண்டியைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னதும் அக்கா சட்டென்று பின்வாங்கினார்.

"மூஞ்சி வுழுவுமா சார்?"

"கை மட்டுந்தாங்க."

"கைதானே, எடுத்துக்குங்க" என்று கரண்டியைச் சாய்த்தார்.

விரலெல்லாம் கரும்புள்ளி. கட்டைவிரலில் நகம் இல்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, கேட்டுவிட்டேன். "ஆண்டிமடத்துல ஒம்பது வருசம் முந்திரி உடச்சேன் சார். அந்த ஓட்டு எண்ணெ பட்டா தோலு வெந்துரும்" என்றார். மகள் இங்கே ஆறாவது படிக்கிறாள் என்றும் சொன்னார். அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் வந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

படத்தைப் போட்டதும் ஒருத்தர் வந்து, இந்தக் கையால் பரிமாறினால் எப்படிச் சாப்பிடுவது, கையுறை போடக் கூடாதா என்று எழுதினார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "இது ஆண்டிமடத்தில் ஒன்பது வருஷம் முந்திரி உடைத்து வெந்த கை. கும்பிடு போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்" என்று பதில் எழுதினேன். அதற்கப்புறம்தான் படம் பிய்த்துக்கொண்டு போனது. மெஸ் பெயரும் ஊர் பெயரும் படத்தின் மேலேயே இருந்தன. இரண்டு நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, அக்காவிடம் கொடுக்கத்தான் இப்போது கிளம்பினேன். திருச்சியிலிருந்து பாடாலூர் 38 கிலோமீட்டர், பஸ் கட்டணம் 35 ரூபாய். 11.05க்கு இறங்கினேன். மெஸ் நடத்தும் அம்மா அடுப்படியில் இருந்தார். என்னைப் பார்த்தும் வாங்க என்று சொல்லவில்லை.

"போட்டோ புடிச்ச தம்பிதானே நீங்க?"

"ஆமாங்கம்மா. செல்வி அக்கா இல்லீங்களா?"

"போயிட்டா. நீங்க போட்ட அடுத்த வாரமே அவ புருசன் வந்துட்டான். யாரோ செல்லுல காட்டியிருக்காங்க, கையப் பாத்தே கண்டுபுடிச்சிட்டான். இங்க வரல. பள்ளிக்கூடம் வுட்டு வர்ற வழியில பொண்ணக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறிட்டான். சேதி தெரிஞ்சதும் இவ கழுவிக்கிட்டிருந்த சாம்பார் வாளிய அப்படியே போட்டுட்டு, மாத்துச் சேலகூட எடுக்காம அவன் பின்னாடியே போயிட்டா. அடி தாங்காம ஓடியாந்தவ தம்பி. ரெண்டு வருசம் யாருக்கும் தெரியாம இருந்தா."

ஃபிரேமை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். எதற்கு மறைத்தேன் என்று தெரியவில்லை. "சாப்பிடுறீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். அந்த வீட்டுச் சோற்றில் கைவைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வேண்டாம் என்று சொல்லிவிட்டு 11.50க்குப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினேன். 18 கிலோமீட்டர், 18 ரூபாய். அங்கிருந்து அரியலூர் 32 கிலோமீட்டர், 30 ரூபாய். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தூசி என்று நினைத்துக் கண்ணாடியை இழுத்து மூடினார். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் 36 கிலோமீட்டர், 33 ரூபாய். இன்னொரு பஸ் மாறி ஆண்டிமடத்தில் இறங்கும்போது மணி நான்கு.

ஒரு முந்திரிக் கொட்டகை வாசலில் போய் நின்றேன். உள்ளே ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். "யாரத் தேடி வந்தீங்க?" என்றார் ஒருவர். பெயர் வாய்வரை வந்துவிட்டது. வெளியூர் ஆண் ஒருவன் அவரைப் பெயர் சொல்லித் தேடினான் என்ற பேச்சு புருஷன் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? போனால் அடி யாருக்கு விழும்? என் மனசு ஆறுவதற்காக அவர் இன்னொரு தடவை அடிபட வேண்டுமா?

"பருப்பு வாங்க வந்தேங்க" என்றேன். அவர்கள் கால் கிலோ நிறுத்துக் கட்டும்வரை அங்கே இருந்த கட்டைவிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நகம் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே படத்தை அழித்தேன். அழித்து என்ன பிரயோஜனம்? வேறு மூன்று பக்கங்களில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எடுக்கச் சொல்லி மூவருக்கும் எழுதினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "கிரெடிட் போட்டுடறோம் ப்ரோ." ஃபிரேம் என் வீட்டு அலமாரியில் குப்புறக் கிடக்கிறது. அந்தப் பெண் குழந்தை பள்ளிக்கூடம் போகிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை, எங்கேயும் அரை மணிக்கு மேல் நான் நிற்கவில்லை. நன்றாகச் சாப்பிடுங்கள். படம் எடுத்தே ஆகவேண்டும் என்றால் இலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பரிமாறுகிறவர் கை வேண்டாம், அவர் கதையும் வேண்டாம். மீன்குழம்பு ஊற்றும் அந்தக் கைப்படம் உங்கள் செல்லில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

மெஸ் எங்கே இருக்கிறது என்று இன்னும் கேட்டு எழுதுகிறீர்கள். இங்கே கொடுத்திருக்கும் தூரமும் கட்டணமும் நான் எழுதிய ஊர்களுக்குச் சரியானவை. ஆனால் மெஸ் இருப்பது பாடாலூரில் இல்லை, அக்காவின் ஊர் ஆண்டிமடம் இல்லை, கையில் இருந்த அடையாளமும் வேறு. எல்லாவற்றையும் மாற்றி எழுத எனக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது.