நானே பூட்டிய கணினி

இன்று காலை மடிக்கணினி இயங்கவில்லை. உடனே, எண்பதுகளின் கடைசியில் கொக்குவில் வீட்டில் நானே பாகம் பாகமாக இணைத்துப் பூட்டிய கணினி நினைவுக்கு வந்தது.

தங்கை தன் பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரையை அதில்தான் எழுதினாள். ஒருநாள் இடையில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது கணினி எழும்ப மறுத்தது.

“வயர் லூசாக்கும், நான் பாக்கிறன்” என்று பெருமையாகக் கழற்றினேன். எல்லாவற்றையும் துடைத்துப் பூட்டினேன். பயனில்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததெல்லாம் சிதைந்துவிட்டது. அழப்போகிறாள் என்ற பயத்தோடு சொன்னேன்.

“பரவாயில்லை அண்ணை. நான் ஒவ்வொரு நாளும் பிளொப்பியிலை கொப்பி எடுத்து வைக்கிறனான்.”

“கரண்ட் போகுமெண்டு முதலே தெரியுமோ?”

“இல்லை. கொம்பியூட்டரை நீங்கள்தானே பூட்டினனீங்கள்!”

உங்கள் திறமையில் இவ்வளவு உறுதியான நம்பிக்கை வைத்த தங்கை உங்களுக்கும் உண்டா?