வராத முப்பத்திரண்டாவது அடி

சென்ற டிசம்பர் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். பெங்களூரில் லேசான தூறல். நகரத்தின் வடகோடியில் ஒரு மைதானத்து வாசலில், சட்டைப் பையில் காதுக்குப் பஞ்சுப் பொட்டலத்தோடு நின்றிருந்தேன். எனக்கு வயது எழுபத்தாறு.

கோலார் தங்கவயலிலிருந்து ஜீவனஹள்ளியில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். கல்லூரியில் படிக்கும் பேத்தி, ஏதோ எலெக்ட்ரானிக் டான்ஸ் இசை நிகழ்ச்சிக்குப் போயே தீருவேன் என்றாள். மகள் ஒப்பவில்லை. கடைசியில், "நைனா, நீங்க கூடப் போய்ப் பாருங்க. நீங்க சரின்னா இனிமேலும் போவட்டும். வேணாம்னா இதோட முடிஞ்சுது" என்று தீர்ப்பை என் தலையில் கட்டிவிட்டாள். வழியெல்லாம் பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உள்ளே நுழைந்ததும் வெளியேறும் வழிகளை எண்ணினேன். நான்கு. ஆம்புலன்ஸ் இரண்டு. இந்தக் கூட்டத்துக்குப் போதாது என்றேன்.

"தாத்தா, மேடையப் பாருங்களேன்!"

பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு பார்த்தேன். தபலா இல்லை, கிதார் இல்லை. ஒரே ஒருவர் மேசைமேல் எதையோ திருகிக்கொண்டிருந்தார். ஆனால் முதல் அடி விழுந்தபோது அது காதில் கேட்கவில்லை. உள்ளங்கால் வழியாக ஏறி விலா எலும்பில் அதிர்ந்தது. இந்த அதிர்வு எனக்குத் தெரியுமே!

தங்கச் சுரங்கத்தில் வேட்டு வைக்கும் பிரிவில் இருந்தவன் நான். பாறையில் துளை போட்டு, மருந்து கெட்டித்து, திரியைக் கொளுத்திவிட்டு ஒதுங்கி நின்று வெடிச் சத்தத்தை எண்ணுவோம். பதினாறு வைத்தால் பதினாறு கேட்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வெடிக்காத மருந்து உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். யாரும் அசையக் கூடாது.

பழக்கம் விடுமா? இங்கும் எண்ணினேன். வெறும் இரைச்சல் என்று நினைத்திருந்தேன். உள்ளே அப்படி ஒரு ஒழுங்கு! முப்பத்திரண்டு அடிக்கு ஒரு முறை ஏதாவது ஒன்று புதிதாகச் சேர்ந்தது. இது எப்படி என்று அறியும் ஆவலில் ஒரு காதுப் பஞ்சை எடுத்துவிட்டேன். சத்தம் ஏறிக்கொண்டே போனது. இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.

முப்பத்திரண்டு வரவில்லை. மைதானமே அடங்கிவிட்டது.

என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. பேத்தியின் கையைப் பிடித்து இழுத்து, "குந்துடி! யாரும் நகராதீங்க!" என்று கத்தியபடி தரையில் குந்திவிட்டேன்.

"ஐயோ தாத்தா, நெஞ்சு வலிக்குதா?"

"ஒண்ணு வெடிக்கலடி!"

பின்னாலிருந்த ஒரு பையன், "கூத்கோ மச்சா, தாத்தா சொல்றார்ல!" என்று கன்னடம் கலந்து நண்பனை உட்காரச் சொல்லி, சிரித்துக்கொண்டே தானும் உட்கார்ந்தான். அவனைப் பார்த்து அவன் நண்பர்கள், அவர்களைப் பார்த்துப் பக்கத்து வரிசை. நான் எண்ணிய வரையில் நாற்பது பேர் என்னோடு ஈரத்தில் குந்தியிருந்தார்கள். அப்போதுதான் வந்தது அந்த அடி. நாற்பது பேரும் ஒன்றாகத் துள்ளி எழுந்தார்கள். இரண்டு பேர் என்னை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "தாத்தா, டைமிங் செம!"

பேத்திக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அது வேணும்னேதான் தாத்தா நிறுத்துவாங்க."

"அடுத்தது எப்ப வரும்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா வரும்."

அதன் பிறகு நான்கு முறை நிறுத்தினார்கள். நான்கு முறையும் வந்தது.

வீட்டில் மகள் கதவைத் திறந்தாள். பேத்தி என் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன நைனா, அனுப்பலாமா?"

"அனுப்பு. ஆனா வழி நாலுதான் இருக்கு. அதனால நானும் போறேன்."

திடீர் அமைதி என்றாலே ஆபத்து என்று இத்தனை வருடம் வாழ்ந்தவன், இப்போதெல்லாம் சத்தம் நின்றால் அடுத்து என்ன வரும் என்று ஆவலோடு காத்திருக்கிறேன். ரயில், ஆட்டோ, பஞ்சு, அன்றைய டிக்கெட், அடுத்த நிகழ்ச்சிக்கு இப்போதே வாங்கிவிட்ட டிக்கெட் எல்லாம் சேர்த்து இதற்கு எனக்கு ஆன செலவு மூவாயிரத்து நானூற்று அறுபத்தேழு ரூபாய்.