சிரிக்காத டிரைவர்

என் நாவலில் வரும் அரபிகள் கிளம்பு என்பதற்கு 'யல்லா', முடிந்தது என்பதற்கு 'கலாஸ்' என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு முந்நூறு பக்கம் ஓட்டினார்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. கதை என்னவோ சவூதியில் ஒரு வீட்டில் டிரைவராக இருக்கும் அறந்தாங்கிக்காரரைப் பற்றியது. ஆள் வேறு யாருமில்லை, என் கணவர்தான்.

நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது லீவில் வந்திருந்தார். "ஒனக்கு நாலு வார்த்தை அரபி சொல்லித் தாரேன், எழுத ஒதவுமுல்ல" என்றார். "தமிழ்ல எழுதுற கதைக்கு அது எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்தாளர் என்ற தலைக்கனம், வேறென்ன.

சவூதியில் இருந்த பதினெட்டு வருஷமும் அவர் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டு ஹால் நடுவே வைத்துவிடுவோம். மாமியார், நாத்தனார், பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதர் பெண்டாட்டியிடம் என்ன பேசுவார்? "சாப்டியா?" என்பார். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் "சாப்டேங்க" என்பேன். அதை வைத்துத்தான் அவரை வாயில்லாப் பூச்சி என்று முடிவுகட்டி, நாவல் முழுக்கத் தலைகுனிந்து நிற்க வைத்தேன். புத்தகம் வந்ததும் படித்துவிட்டு "நல்லாருக்கு" என்றார். அவ்வளவுதான்.

இப்போது ஊரோடு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மதியம் மாடிக்குப் போய், அங்கே தன்னோடு வேலை பார்த்த எகிப்துச் சமையல்காரருக்குப் போன் போடுவார். மாடியில் பேசுகிறவர் வேறு ஆள். கத்துவார், கிண்டலடிப்பார், யாரையோ போலப் பேசிக்காட்டி விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு மொழியில் ஊமையாக இருப்பவர் இன்னொரு மொழியில் வாயாடியாக இருக்கலாம் என்பது கதை எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அடுத்த நாவலுக்கு என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் போனில் பாடம் பார்த்து அரபி படித்தேன். காது பழக ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

போன வெள்ளிக்கிழமை காயப்போட்ட துணியை எடுக்க மாடிப்படி ஏறியவள் பாதியில் நின்றுவிட்டேன். அவர் அரபியில் சொன்னது முதல்முறையாக முழுசாகப் புரிந்தது.

"என் மனைவி எழுதிய புத்தகத்தில் ஒரு டிரைவர் வருகிறான். நான்தான் அது. கடைசிவரை அவன் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. நாம் சிரித்த சிரிப்பெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் மேல் தப்பில்லை."

தப்பு என் மேல்தான். அந்த நாலு வார்த்தையை அன்றைக்கே கற்றிருந்தால், முந்நூறு பக்கத்தில் ஒரு பக்கத்திலாவது அவர் சிரித்திருப்பார். அச்சாகிப் போன புத்தகத்தில் இனி எதைச் சேர்ப்பது?

துணியை எடுக்காமலே இறங்கி வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்தார். அங்கே எதற்கெல்லாம் சிரித்தீர்கள் என்று கேட்க, அரபியில் ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது.

"சாப்டியா?" என்றார்.

"சாப்டேங்க" என்றேன். அடுப்பில் குக்கர் இன்னும் முதல் விசிலே விடவில்லை.