வேதமணி அக்காவின் மூன்றாவது சனிக்கிழமை

சேர்ந்து வாழ்வதன் மகிமையைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்கள் யாரும் காலை ஐந்து மணிக்கு ஒரு கழிப்பறை வாசலில் வரிசையில் நின்றவர்களாக இருக்க மாட்டார்கள். நான் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் எப்போதும் வேதமணி அக்காதான் நிற்பாள். "ஏட்டி செலஸ்டின், பரலோகத்துலயாவது ஆளுக்கு ஒண்ணு கெட்டியிருப்பாகளா?" என்பாள். அந்த நேரத்திலும் சிரிக்க வைக்கிற ஆள் அவள் ஒருத்திதான்.

கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் வழியில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிறது எங்கள் வீடு. எம்மாவு இல்லம் என்று சுவரில் எழுதியிருக்கிறோம். சுற்றுப்பட்டியில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. ஒத்தப்பானை வீடு என்று கேட்டால் ஆடு மேய்க்கிறவர்கூட வழி காட்டுவார். நாலு குடும்பம், அதுபோகத் தனியாட்கள் சிலர். காடு பொது, ஆடு பொது, அடுப்பும் பொது. மணியாச்சியில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற தேவஆசீர்வாதம் ஐயா தன் பன்னிரண்டு ஏக்கரையும் கொடுத்து ஆரம்பித்தது. நான் பிறப்பால் கத்தோலிக்கம். ஜெபமாலையை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் புராட்டஸ்டண்டு கூட்டத்துக்கு ஒன்பது வருஷமாகச் சோறு பொங்குகிறேன்.

வேதமணி அக்கா பதினொரு வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவள். அங்கே எல்லோரும் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். உட்கார நாற்காலி மட்டும் இருக்காது. கல்யாணமாகி ஆறாம் வருஷம் புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போனான். ஒற்றை மகள் எப்சிபாளை டீச்சர் டிரெயினிங்வரை படிக்க வைத்து, ஓட்டப்பிடாரத்தில் உரக்கடை வைத்திருக்கும் பையனுக்குக் கட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு தனி வீட்டில் தனி விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை என்று இங்கே வந்துவிட்டாள். ஆடுகள் அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மாலையானால் மகளிடமிருந்து போன் வரும். அன்றைக்கு அக்கா ஆட்டுக் கிடையை விட்டுத் தள்ளிப் போய், வேலிப் பக்கம் நின்று ஒரு மணி நேரம் பேசுவாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற ஆறு நாளும் அவள் உழைக்கிறாள் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

எப்சிபாளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லை. மாமியார் வீட்டில் ஏச்சு முழுவதும் அவளுக்குத்தான். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் திருநெல்வேலியில் டாக்டரைப் பார்த்தார்கள். குறை மாப்பிள்ளையிடம் என்று தெரிந்தது. அவன் அழுதிருக்கிறான். ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். எப்சிபாள் தாயிடம் மட்டும் சொன்னாள். தாய் பாரம் தாங்காமல் ரூபஸிடம் சொன்னாள். "தம்பி, நீ மட்டும் ஜெபம் பண்ணிக்க" என்றாள்.

ரூபஸ் எங்கள் வீட்டில் ஜெப காரியங்களைப் பார்க்கிறவன். நாற்பது வயது இருக்கும். கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நல்லவன்தான், அதுதான் தொல்லை. ஒருவர் கஷ்டத்தைக் கேட்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது. மறுநாள் காலையில் அவனுடைய ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் ஒரு ஜெபக்குறிப்பு போட்டான். 'சகோதரி வேதமணியின் மருமகனுக்கு உள்ள குறைவைக் கர்த்தர் நீக்கிப் போடவும், மகளின் கர்ப்பம் ஆசீர்வதிக்கப்படவும் பாரத்தோடு ஜெபிப்போம்.'

வேறு கூட்டத்தில் இதற்குப் பேர் புறணி. எங்கள் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபக்குறிப்பு.

அந்தக் குழுவில் இருநூறு பேருக்கு மேல். கீழே வரிசையாக ஆமென், ஆமென், கூப்பிய கைகள். மாப்பிள்ளையின் சித்தியும் அதில் ஒருத்தி. மத்தியானத்துக்குள் ஓட்டப்பிடாரம் உரக்கடைவரை சங்கதி போய்விட்டது. ரூபஸ் பதறிப்போய், 'காலையில் போட்ட குறிப்பை யாரும் பொருட்படுத்த வேண்டாம்' என்று இன்னொன்று போட்டான். அதுவரை படிக்காதவர்களும் மேலே தள்ளிப் பார்த்துப் படித்தார்கள். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

அன்று சாயங்காலம் எப்சிபாள் போன் செய்தாள். அக்காவுக்கு வேலிப் பக்கம் போகக்கூட நேரம் இல்லை, அடுப்படியில் என் பக்கத்திலேயே நின்று எடுத்தாள். எனக்கே கேட்டது.

"இனிமே நீ எனக்கு அம்மா இல்ல. அவிய மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? வீட்டுப் பக்கம் வந்துராத."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த நம்பருக்கு அழைத்தால் மணிகூட அடிக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா பஸ் ஏறி ஓட்டப்பிடாரம் போனாள். ஜன்னல் திறந்திருந்ததாம், உள்ளே டி.வி. ஓடியதாம். மகள் கதவைத் திறக்கவில்லை. வெயில் தாழும்வரை வாசலில் நின்றுவிட்டு வந்தாள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மனக்கசப்போடு யாரும் சனிக்கிழமைப் பந்தியில் உட்காரக்கூடாது. அன்று சாயங்காலம் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்கு முன் சண்டை போட்டவர்கள் எழுந்து ஒப்புரவாக வேண்டும். ஆகாதவர் பந்தியை விட்டு வெளியே இருக்க வேண்டும். மூன்று சனிக்கிழமை அப்படிப் போனால் வீட்டை விட்டே போய்விட வேண்டியதுதான். ஐயா இருந்த பழைய சபை இரண்டாக உடைந்து, கோர்ட்டுப் படியேறி, ஆலயத்துக்கே பூட்டுப் போட்டார்கள். அந்தக் காயத்தில் அவர் போட்ட சட்டம் இது. இத்தனை வருஷமும் நன்றாகத்தான் நடந்தது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள்; எங்கள் வீட்டில் பதினொன்றாவதாகக் கோபமும் பறந்துபோகும். குழம்பு வாசனைக்கு முன்னால் தண்ணீர் வாளிக்காக வந்த எந்தச் சண்டை நிற்கும்?

முதல் சனிக்கிழமை ரூபஸ் எல்லோர் முன்னாலும் முழங்காலில் நின்றான். "அக்கா, தெரியாமச் செஞ்சிட்டேன். மன்னிச்சிருங்க."

அக்கா அவனைப் பார்த்தாள். "முடியல" என்றாள். எழுந்து ஆட்டுக் கிடைக்குப் போய்விட்டாள்.

நாங்கள் சாப்பிட்டோம். சாப்பிட்டோம் என்று சொல்லக் கூசுகிறது. பிள்ளைகள்கூட அப்பளத்தைச் சத்தமில்லாமல் கடித்தார்கள்.

அந்த நாட்கள் நரகம். மற்ற இடங்களில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் தெருவை மாற்றிக்கொள்ளலாம், நம்பரை அழித்துவிடலாம். இங்கே எங்கே போவது? உளுந்தங்காட்டில் களை எடுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆள் குறைவு, ரூபஸின் நிரைக்கு அடுத்த நிரை அக்காவுடையது. மழை பெய்த கரிசல் காலோடு பெயர்ந்து வரும், ஒவ்வோர் அடிக்கும் பாதத்தில் ஒரு படி மண் கனக்கும். இரண்டு பேரும் ஒரு முழ இடைவெளியில் குனிந்தபடி காடு முழுக்க ஒரு சொல் பேசாமல் போவார்கள். பின்னால் வரும் எங்களுக்கு மூச்சு முட்டும். ஒரு தடவை அவன் தண்ணீர்ச் செம்பை நீட்டினான். அவள் வாங்கிக் குடித்துவிட்டு, அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள்.

இரண்டாவது சனிக்கிழமையும் "முடியல" என்றாள்.

எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது கேட்டுவிட்டேன். "ஒரு வார்த்தைக்கா. மன்னிச்சேன்னு வாயால சொல்லிட்டு, மனசுக்குள்ள வச்சுக்கிடுங்களேன். யாரு பிளந்து பாக்கப் போறா?"

"ஏட்டி, ஆண்டவர் பேரச் சொல்லி அவன் ஒரு பொய் வேல பாத்தான். நானும் ஒண்ணு பாக்கணுமாக்கும்?" என்றாள்.

"அப்ப எங்க போவீங்க?"

அவள் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

போவதற்கு இடம் இல்லாமல் இல்லை. புதன்கிழமை அவள் தம்பி செண்பகராஜ் புதூரிலிருந்து பைக்கில் வந்தான். "கோவில்பட்டில ஒரு ரூம் பாத்துட்டேன்க்கா. தனி பாத்ரூம், தனி கரண்ட். ஒருத்தன் மூஞ்சியப் பாக்காண்டாம். இந்தக் காலத்துல எவன் இப்படிக் கூட்டமாக் கெடந்து சாவான்? சனிக்கிழம சாயங்காலம் வண்டி கொண்டாரேன்" என்றான். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவள் கட்டிலில் தகரப்பெட்டி இருந்தது. புடவைகளை மடித்து அடுக்கியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்து அழுதேன். வெங்காயம் உரிக்கவில்லை, அழத்தான் செய்தேன். காலையில் அந்த வரிசையில் எனக்கு முன்னால் வேறு யார் முதுகையோ பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்று இருந்தது.

ஐயாவிடம் போனேன். "சட்டத்தக் கொஞ்சம் தளர்த்துங்கய்யா" என்றேன்.

"இன்னைக்கு இவளுக்குத் தளர்த்தினா நாளைக்கு எல்லாரும் ஆளுக்கொரு கோவத்தோட உக்காருவாங்க, செலஸ்டின். மறுபடி ரெண்டாப் போயிரும்" என்றார். கல்நெஞ்சக்காரராகச் சொல்லவில்லை. பயந்துபோன மனுஷனாகச் சொன்னார்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தது. கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தேன். உப்புப் போட்டேனா என்றே நினைவில்லை. வெளியே செண்பகராஜ் கொண்டுவந்த குட்டியானை வண்டி இன்ஜினை அணைக்காமல் நின்றது. எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். அக்கா கடைசியாக வந்தாள். பெட்டி கையில் இல்லை. வாசலில் வைத்திருக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தேன், தெரியவில்லை. தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். நேர் எதிரே ரூபஸ்.

ஐயா எழுந்தார். "வேதமணி, இது மூணாவது தடவ."

"தெரியுதுய்யா."

ரூபஸ் முழங்காலிட்டான். அக்கா சொன்னாள்: "எந்திரி. நான் மன்னிக்கல. மன்னிக்கணும்னு நெனைக்கேன், வரமாட்டேங்குது. வந்துட்டுன்னு பொய் சொல்லவும் மாட்டேன். ஆனா நான் போகவும் மாட்டேன்."

வெளியே வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஐயா, "அது நம்ம ஒழுங்குல இல்லயேம்மா" என்றார்.

ரூபஸ் சட்டென்று எழுந்தான். "தப்பு செஞ்சவன் நான். அக்கா எதுக்குப் போகணும்? நான் போயிருதேன். இன்னைக்கே போறேன்." அவன் பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் வாசல்வரை நடந்துவிட்டான்.

"ஏலே ரூபசு, நில்லு!"

ஆடுகளை அதட்டுகிற குரல் அது. அவன் நின்றுவிட்டான்.

"மொதல்ல சொன்னது யாரு? நான். எம் மக என்னைய நம்பிச் சொன்னத உங்கிட்ட வந்து கொட்டுனது நான். நீ எனக்குச் செஞ்சத நான் அவளுக்குச் செஞ்சிட்டேன். அவ கதவ அடைச்சிட்டா. அன்னைக்கு அவ வாசல்ல நின்னேன். உள்ள டி.வி. ஓடுது. கதவு தொறக்கல. அவ என்னைய மன்னிக்க வேண்டாம்லே. வையட்டும், மூஞ்சியத் திருப்பட்டும். உள்ள வந்து ஒரு ஓரமா உக்காருன்னு சொன்னாப் போதும். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் வெயில்ல நின்னேன். எனக்கு அது கெடைக்கல." மூச்சு வாங்கினாள். "அடைச்ச கதவுக்கு முன்னால நிக்கது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அத நான் உனக்குச் செய்ய மாட்டேன். நீயும் எனக்குச் செஞ்சிராத. கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு ஊரு உலகமெல்லாம் எடம் கெடக்கு. கோவத்தோட இருக்கதுக்கு ஒரு வீடு வேண்டாமா? வா. வந்து உக்காரு."

ரூபஸ் திரும்பி வந்தான். எதிரே உட்கார்ந்தான். அழுகையில் அவன் தோள் குலுங்கியது.

எல்லோரும் ஐயாவைப் பார்த்தோம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். எத்தனை வருஷமாக அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரோ. பிறகு மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். தன் தட்டை நிமிர்த்தி வைத்தார்.

"செலஸ்டின், சோத்தப் போடு" என்றார்.

நான் எழுவதற்குள் அக்கா அகப்பையை எடுத்துவிட்டாள். வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். ரூபஸுக்கும் போட்டாள், முகம் இறுகித்தான் இருந்தது, சோறு குறையவில்லை. வெளியே இன்ஜின் சத்தம் நின்றது. செண்பகராஜ் வாசலில் தலையை நீட்டி, "அக்கா, பெட்டி எங்க?" என்று கேட்டான். "கட்டிலுக்கு அடியில. நீ கையக் கழுவிட்டு வா" என்றாள். குழம்பில் உப்பு இல்லை. ஒருவரும் சொல்லவில்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. எப்சிபாளிடமிருந்து போன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அக்கா இன்னமும் வேலிப் பக்கம் போய்ச் சும்மா நிற்கிறாள். மாதம் ஒரு தடவை ஓட்டப்பிடாரம் போய் வருகிறாள். சனிக்கிழமைப் பந்தியில் ஜெபத்துக்கு முன்னால் ஐயா தவறாமல் கேட்கிறார்.

"ஆச்சா, வேதமணி?"

"இன்னும் இல்லய்யா."

"சரி. சோறு போடுங்க."