ஏழு விரல்

உகாண்டாவின் கம்பாலாவில் புற்றுநோய் வார்டு ஒன்றில், நோயாளிகளின் மனசை அளக்கிற படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற நர்ஸ் நான். யாரை நம்புகிறீர்கள், யாரிடம் மனம் ஒட்டுகிறது, விட்டுப்போவார்கள் என்று பயமா என்று பதினாறு கேள்விகள். இல்லவே இல்லை என்றால் ஒரு விரல், ரொம்ப உண்மை என்றால் ஏழு. நோயாளிதான் காட்ட வேண்டும் என்பது விதி. ஆனால் துணைக்கு வந்தவர்களின் வாயை மூட எங்கள் ஊரில் எந்த விதியாலும் முடியாது.

நபுகீரா என்பவள் நகாவா என்கிற சந்தையின் வாசலில் மரவள்ளிக்கிழங்கு வறுத்து விற்பவள். ஆறு வருடத்துக்கு முன்பு மார்பை எடுத்துவிட்டுப் படுத்திருந்தாள். விட்டுப்போவார்கள் என்று பயமா என்ற கேள்வி அவளிடம், பதில் சொன்னது புருஷன் கிகுண்டு. "இவளுக்கா பயம்? நாந்தான் இருக்கேனே. ஒண்ணுன்னு போடுங்க சிஸ்டர்." அவள் கை மடியிலேயே கிடந்தது. நானும் ஒன்று என்று எழுதித் தொலைத்தேன். தையல் பிரிப்பதற்குள் அவன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டான். அந்தத் தாளை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

போன மார்ச்சில் அவனே வந்து படுத்தான். தொண்டையில் கட்டி, மூச்சுக்குக் குழாய், பேச்சு போய்விட்டது. சமைக்க, துடைக்க, கட்டிலடியில் பாய் போட்டுப் படுக்க ஓர் ஆள் இல்லாமல் இங்கே வைத்தியம் நடக்காது. அந்த வேறொருத்தி நோயின் பெயரைக் கேட்டதுமே கம்பி நீட்டிவிட்டாள். பாயோடு வந்தது நபுகீரா. வார்டே அவளைப் புகழ்ந்தது. எனக்கு மட்டும் அவள் முகம் பிடிபடவில்லை.

படிவத்தை எடுத்து வாசித்தேன். "நெருங்கியவர்கள் என்னை விட்டுப்போய்விடுவார்கள் என்று பயப்படுகிறேன்."

கிகுண்டு இரண்டு கையையும் தூக்கி ஏழு விரல் காட்டினான். நபுகீரா அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தாள்.

"இவருக்கா பயம்? நாந்தான் இருக்கேனே. ஒண்ணுன்னு போடுங்க சிஸ்டர்."

அவன் இல்லை இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினான். கண்ணீர் காதுவரை வழிந்தது. இந்தத் தடவை நான் ஏழு என்று எழுதினேன்.

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். "எழுதிட்டீங்களா? நல்லது. இதைக் கண்ணால பார்க்கணும்னுதான் வந்தேன்." பிறகு அவன் காதருகே குனிந்தாள். "நானும் போகத்தான் போறேன். என்னிக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

நான் அவளை அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அதற்குப் பிறகு பதினோரு வாரம் அவன் உயிரோடு இருந்தான். தினமும் கண் திறந்ததும் கட்டிலடியில் பாய் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். வேளை தவறாமல் கஞ்சி கொடுத்தாள், குழாயைத் துடைத்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. அவன் சாகும்வரை அவள் போகவில்லை. போகமாட்டேன் என்று ஒரு தடவைகூடச் சொல்லவும் இல்லை.