கொன்றையூரணி நகராட்சியில் சேருமா?

இவாஞ்சலினுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. ராஜபாளையம் நகராட்சியின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் கொன்றையூரணிக்கு அவள் ஊராட்சித் தலைவர். தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்பத்தடியில் நிற்பாள். தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார் ரூமில்.

பதவிக்காலம் முடியச் சில மாதங்கள் இருந்தபோது, ஊரை நகராட்சியோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. கிராம சபையைக் கூட்டிக் கருத்துக் கேட்பதென்று முடிவானது.

அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். ஊர்ச் சாக்கடை முழுவதும் ஊரணியில் விழுந்துகொண்டிருந்தது. வாய்க்கால் கட்ட ஊராட்சி நிதி போதாது. அன்று சமையலுக்கு நடுவே கணவன் கிளாட்வினிடம் மட்டும் சொன்னாள்.

"சேந்துட்டா நல்லதுன்னு தோணுது."

"சேந்தா நம்ம ஊரு ஒரு வார்டுதான். தலைவர் பதவியே இருக்காதே?"

"போனாப் போவுது. சாக்கடைக்கு ஒரு வழி பொறக்கணும்லா."

பள்ளிக்கூட மைதானத்தில் சபை கூடியது. அவள் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னாள். நூறு நாள் வேலைக்குப் போகும் கருத்தம்மாள் எழுந்தாள்.

"டவுனுக்கு நூறு நாள் வேலை கிடையாதுல்லா? பொறவு நாங்க என்ன செய்ய?"

"கிடையாதுதான், அக்கா."

"வீட்டு வரி?"

"கூடும்."

பருத்தி பயிரிட்டிருக்கும் வேல்சாமி பின்னாலிருந்து கேட்டார்: "இப்ப உன் வீட்டு வாசல்ல வந்து நின்னு சத்தம் போடுதோம். அம்புட்டுப் பெரிய ஆபீசுல யாரைத் தேட?"

"ஊரணி நாறுதே, அதை யோசிச்சியளா?" இவாஞ்சலினின் குரல் உயர்ந்துவிட்டது.

"நாறத்தான் செய்யுது," என்றாள் கருத்தம்மாள். "அதுக்காக எங்க சோத்துல கை வைக்கணுமா?"

எல்லாக் கைகளும் சேர வேண்டாம் என்று உயர்ந்தன. அவள் மனம் வேறாக இருந்தது, தீர்மானம் ஊருடையது. தீர்மானத்தின் கீழ் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஊரணிக் கரையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை. பல ஊர்களைச் சேர்த்துக் கவனிக்கும் தனி அலுவலர் ஒருவர் பொறுப்பேற்றார். கொன்றையூரணியைச் சேர்க்கப்போவதில்லை என்ற தகவலும் பிறகு வந்தது. பெண்கள் மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கித் தின்றாள், நிம்மதி வரவில்லை. நகரத்தோடும் சேரவில்லை, தன்னைத் தானே ஆளவும் ஊருக்கு இப்போது ஆளில்லை.

கோடையில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தது. பெண்கள் குடங்களோடு அவள் வாசலில்தான் வந்து நின்றார்கள்.

"நான் இப்ப தலைவர் இல்லையே, அக்கா."

"அப்ப யாரு?" என்றாள் கருத்தம்மாள்.

இவாஞ்சலின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள்.

"நீங்க எந்தப் பொறுப்புல கேக்கீங்க?" என்றார் அங்கிருந்தவர்.

"தண்ணி இல்லாத ஊர்க்காரி. அந்தப் பொறுப்புலதான்."

மறுநாள் குழாயைச் சரிசெய்தார்கள். அவளால் அதோடு விட முடியவில்லை. கருத்தம்மாளையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் கலெக்டர் ஆபீசில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்குப் போனாள். சாக்கடைக்கு வாய்க்கால், ஊராட்சிக்குத் தேர்தல் என்று இரண்டு மனுக்கள் கொடுத்தார்கள். அடுத்த வாரம் ஓவர்சியர் வந்து வாய்க்காலுக்கு அளந்துவிட்டுப் போனார். தேர்தலைப் பற்றிய மனுவுக்கு மட்டும் ஒரு பதிலும் வரவில்லை.

"அடுத்த திங்கக்கிழமையும் போவமா?" என்று கேட்டாள் இவாஞ்சலின்.

"போவோம். இந்தத் தடவ வேல்சாமியண்ணனையும் கூட்டிக்கிடுவோம்," என்றாள் கருத்தம்மாள்.