ராஜாவுக்கு வசனம் இல்லை

எங்கள் சபையின் கிறிஸ்மஸ் நாடகத்தை இருபது வருஷமாக நான்தான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது கதை அல்ல, மைக். மேடைக்கு மேலே உத்தரத்திலிருந்து ஒரே ஒரு மைக் கயிற்றில் தொங்கும். மேய்ப்பனோ தேவதூதனோ, யாராயிருந்தாலும் அதன் கீழே வந்து நின்றுதான் பேச வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்றால் போதும், பின்வரிசையிலிருந்து "கேக்கல்ல" என்று கூவுவார்கள். அதனால் என் நோட்டில் ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் "மைக்கருகே வந்து" என்று எழுதியிருக்கும்.

அந்த மைக் தேவைப்படாத ஒரே ஆள் என் கணவர். பிள்ளைகளைக் கொல்லச் சொல்லும் பொல்லாத ராஜா வேஷம் எப்போதும் அவருக்குத்தான். ஜீப்பில் உட்கார்ந்து திருவிழாவுக்கும் தேர்தலுக்கும் அனௌன்ஸ்மென்ட் சொல்வதுதான் அப்போது அவருடைய பிழைப்பு. பாறசாலையிலிருந்து குன்னத்துகால் வரைக்கும் தமிழிலும் மலையாளத்திலும் அந்தக் குரலைக் கேட்காதவர் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது பேசினால் காற்றுதான் வரும். காதைப் பக்கத்தில் வைத்தால் வார்த்தை புரியும்.

அதற்குப் பிறகு மனுஷன் வீட்டைவிட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டார். நாடகத்தில் ராஜாவாக வேறொருவர் வந்தார். அந்தக் கிறிஸ்மஸுக்கு இவர் ஆலயத்துக்கே வரவில்லை. தலைவேதனை என்றார். நானும் நம்பியதுபோல் இருந்துவிட்டேன். அவரை இன்னும் ஒரே ஒரு தடவை வேஷத்தில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. குரல் போன மனுஷனிடம் அதைச் சொல்லவா முடியும்?

போன வருஷம் எங்கள் பாடகர் குழுவில் பாடும் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். திருவனந்தபுரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள்.

"அக்கா, இந்தக் கிறிஸ்மஸுக்கு மேடை வேண்டாம். குறும்படமாக்கும் எடுக்கப் போறோம். பன்னிரண்டு பக்கம் திரைக்கதை எழுதித் தரணும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம்."

"அதுக்கென்ன, நோட்டுல எழுதித் தாறேன்."

"நோட்டுல எழுதண்டாம். அதுக்குன்னே சாஃப்ட்வேர் உண்டு. நாலஞ்சு இருக்கு, எது பிடிக்குதோ அத எடுங்க."

நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். மனுவானாலும் பத்திரமானாலும் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பேன். எனக்கா சாஃப்ட்வேர் சொல்லித் தர வேண்டும் என்ற திமிர் இருந்தது. அது ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது.

முதலில் எடுத்ததில் தமிழ் அடித்தால் தேவதூதனின் வசனம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாவதில் திரையில் தமிழ் அழகாக இருந்தது. பிடிஎஃப் ஆக்கியதும் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்தது. மூன்றாவதில் கலர் கலராக அட்டைகள், வரைபடங்கள், என்னென்னவோ. ஏழாம் நாள் பணம் கட்டு என்று என் பக்கங்களையே பூட்டி வைத்துக்கொண்டது. போ சனியனே என்று அதை அழித்தேன். நாலாவது வெறும் வெள்ளைத்தாள் போல இருந்தது, அலங்காரம் ஒன்றும் இல்லை. தமிழ் தமிழாக வந்தது. அந்த ஒரு காரணத்துக்காக அதையே வைத்துக்கொண்டேன்.

எழுத ஆரம்பித்த பிறகுதான் வாயைப் பிளந்தேன். காட்சி உள்ளேயா வெளியேயா, பகலா இரவா என்று முதலிலேயே கேட்டது. இருபது வருஷத்தில் நான் என்னிடம் ஒரு தடவைகூட இதைக் கேட்டதில்லை. எங்கள் மேடையில் பாலைவனத்துக்கும் தொழுவத்துக்கும் ஒரே டியூப் லைட்தான். ஒருவர் பெயரை அடித்து என்டரைத் தட்டினால் வசனம் வர வேண்டிய இடத்துக்குக் கர்சர் தானாகப் போய் நின்றது. இரண்டாம் தடவை "ரா" என்று அடித்ததுமே "ராஜா" என்று எடுத்துக் காட்டியது. அடேயப்பா, இதற்குள் என் ஆட்களையெல்லாம் பழக்கம் பிடித்துவிட்டதே என்று நினைத்தேன். மூன்றே நாளில் பன்னிரண்டு பக்கம் முடித்து அனுப்பினேன்.

மறுநாளே அவள் வந்தாள். உட்காரும் முன்பே சிரிப்பு.

"ராஜாக்க அரண்மனையில எதுக்கு அக்கா மைக்?"

பார்த்தால், பழக்கதோஷத்தில் ஒவ்வொரு வசனத்துக்கு முன்னாலும் "மைக்கருகே வந்து" என்று அடித்துவைத்திருக்கிறேன். எனக்கு முகமெல்லாம் சுட்டது.

"கோவப்படாதீங்க அக்கா. பக்கத்தப் பாருங்க, நடுவில மட்டும் வசனம், ரெண்டு சைடும் வெள்ளை. எல்லாரும் ஒரே இடத்தில வந்து நின்னு பேசிட்டுப் போறாங்க. நான் கேமராவ வச்சு எதை எடுக்க?"

"இருபது வருஷமா ஒருத்தரும் ஒரு குறை சொல்லல்ல."

"குறையில்ல அக்கா. கண்ணால காணுதத எழுதுங்க. மைக்க மறந்திருங்க."

அவள் போன பிறகும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. நேற்றுப் பிறந்தவள் எனக்குச் சொல்லித் தருகிறாளா? லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்திருந்தேன். எதிரே அடுப்பில் என் கணவர் சாயா போட்டுக்கொண்டிருந்தார். கண்ணால் காண்பதுதானே வேண்டும், இந்தா பிடி என்று வீம்புக்கு அதையே அடித்தேன்.

அவர் அடுப்பின் பக்கத்திலேயே நிற்கிறார். சாயா பொங்கி வரும்போது தீயைக் குறைக்கிறார். இரண்டு கிளாஸில் ஊற்றி ஒன்றில் மட்டும் சீனி போடுகிறார். வாசலில் மீன்காரி கூப்பிடுகிறாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். மூடிக்கொள்கிறார். கரண்டியால் கிளாஸைத் தட்டி என்னைப் பார்க்கிறார்.

மீன்காரியை அனுப்பிவிட்டு வந்து அதைப் படித்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. இவருக்கு வசனம் எங்கே என்று அந்தச் சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசுகிறவனுக்குப் பக்கத்தின் நடுவில் ஒரு சின்னத் துண்டைத்தான் கொடுக்கிறது. பேசாமல் இருப்பவருக்கு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் இடம் கொடுத்திருக்கிறது. கர்த்தாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். வசனம் இல்லாவிட்டால் வேஷமே இல்லை என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அன்றைக்கே ராஜாவின் காட்சியை முதலிலிருந்து எழுதினேன். ராஜா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார். சேவகன் ஓடிவந்து, ஊரில் ஒரு குழந்தை பிறந்திருக்கிறது, அதுதான் இனி ராஜாவாம் என்கிறான். ராஜாவின் கை நிற்கிறது. சேவகனைப் பார்க்கிறார். மறுபடி உரிக்கிறார். ஒரு சுளையை எடுத்து அவனிடம் நீட்டுகிறார். அவன் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். அவ்வளவுதான்.

ஆபீஸில் பிரிண்ட் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். "ராஜா நீங்களாக்கும்" என்றேன். அவர் வசனத்தைத் தேடி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன்.

"ஒரு வசனம்கூட இல்லியா?" என்றார், அந்தக் காற்றுக் குரலில்.

"இல்ல."

"பாவம்னு நெனச்சு எழுதினியா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாவமா? வசனம் சொல்ல ஆயிரம் பேரு கிடைப்பாங்க. ஒண்ணும் பேசாம அந்த எடத்துல இருக்க ஆளு வேண்டாமா? முதல்ல வாசிங்க, பிறகு பேசுங்க."

பேப்பரை மேசைமேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மனதைக் குத்திக் கிளறிவிட்டேன் என்று அழுகை வந்தது. இரண்டு நாள் அந்தப் பேப்பர் போட்ட இடத்திலேயே கிடந்தது. மூன்றாம் நாள் காணோம். எடுத்துக் கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அடுக்களை மேசையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முறத்திலிருந்து ஒரு உள்ளியை எடுத்து உரிக்கத் தொடங்கினார். உதவிக்கு வந்திருக்கிறார் என்றுதான் எண்ணினேன். அரிசி தீரப்போகிறது என்று ஏதோ சொன்னேன்.

அவர் கை நின்றது. தலையை மெல்ல நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்த மனுஷன், காலையில் எனக்குச் சாயா போட்டுத் தந்தவர். அந்தப் பார்வையில் அவரைக் காணவில்லை. கண்ணை எடுக்காமலே கடைசித் தோலையும் உரித்தார். உள்ளியை என் முன்னால் நீட்டினார். நான் வாங்கினேன். வாயில் போட்டு, பச்சையாக, கடைசிவரை மென்று விழுங்கினேன். விழுங்கிய பிறகுதான் நான் என்ன செய்தேன் என்பதே எனக்கு உறைத்தது.

"பேடிச்சியா?" என்றார்.

"பேடிச்சேன்" என்றேன். பயந்தது உண்மைதான்.

அவர் சிரித்தார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு மேசைமேல் சாய்ந்து என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டார்.

"ஷூட்டிங் என்னைக்கு?"